அம்மாவின் நம்பருக்கு வந்த வண்டி

பிரபு,

இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று முறையும் சாப்பிட்டாயா, அங்கே வெயில் எப்படி, கல்யாணத்துக்கு எத்தனை நாள் லீவு தருவார்கள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நீயும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாய். நம் வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் உன் அம்மாதான் பேசினாள். நாம் இரண்டு பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனவர்கள். அதனால்தான் எழுதுகிறேன். மஸ்கட்டுக்குத் திரும்பும் ஆள் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், அவர் பெட்டியில் இது வரும். தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் ஒப்புக்கொள்ள வேண்டியது சிலதும் இருக்கிறது. அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி.

அம்மா கரண்ட் ஸ்கூட்டர் புக் செய்தது உனக்குத் தெரியும். நீதான் வீடியோவில் அதைக் காட்டி அவளுக்கு ஆசை உண்டாக்கினாய். அதற்கு வெகு காலம் முன்பு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. நீ நாலாவது படிக்கும்போது ஒருநாள், நான் தூங்குகிறேன் என்று நினைத்து அவள் என் மொபெட்டை எடுத்துக்கொண்டு கரும்புத் தோட்டத்து வழியில் ஓட்டிப் பார்த்தாள். வாய்க்காலில் விழுந்தாள். ஆட்கள் சத்தம் போட நான் ஓடினேன். அவளுக்கு முழங்காலில் ரத்தம். நான் முதலில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டில் கோணிவிட்டதா என்று பார்த்தேன். பிறகு, "உனக்கெல்லாம் எதுக்குடி வண்டி" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். அதன்பிறகு அவள் அந்த வண்டியைத் துடைக்கக்கூடத் தொட்டதில்லை. சத்துணவு அமைப்பாளராக இருந்த அத்தனை வருஷமும் சங்கராபுரம் பஸ்ஸில் போய் இறங்கி, பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தாள். பல நாள் அதே வழியில் நான் கரண்ட் லைன் பார்க்க வண்டியில் போயிருக்கிறேன். ஏறிக்கொள் என்று சொல்லியிருக்கலாம். வேலை நேரத்தில் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போனால் கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள் என்று சொல்லாமல் போனேன்.

ஆடி மாதம் கள்ளக்குறிச்சி ஷோரூமுக்கு அவளோடு போனேன். ஒரு மஞ்சள் வண்டியின் முன்னால் நின்றுகொண்டு அவள் நகரவே இல்லை. சீட்டைத் தடவினாள், கண்ணாடியில் முகம் பார்த்தாள். "மஞ்ச வண்டியில போனா ஊரே சிரிக்கும். வெள்ளை எடு" என்றேன். உடனே, "சரி, வெள்ளையே இருக்கட்டும்" என்றாள். நிஷா என்று ஒரு பெண்தான் அங்கே புக்கிங் எழுதினாள். "இருபது நாள்ல வந்துடும்மா" என்றாள். இருபது நாள் கழித்து, பேட்டரி வரவில்லை என்றாள். அப்புறம், வண்டி தொழிற்சாலையிலிருந்து கிளம்பிவிட்டது என்றாள். அப்புறம், கிளம்பிய லாரியில் நம்முடையது ஏறவில்லை என்றாள். புதுக் கம்பெனி, வண்டி கேட்பவர்கள் ஜாஸ்தி, வருவது கம்மி. அம்மா திங்கட்கிழமை தவறாமல் போன் செய்து கேட்பாள். வெளிச்சுவரில் சார்ஜ் போட பிளக் வைத்துக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டாள். முப்பது வருஷம் வயர்மேனாக இருந்தவனிடம் கேட்டாள். வண்டி வரட்டும், பார்க்கலாம் என்றேன். ஒருநாள் வெளியே போய்விட்டு வந்து பார்த்தால் பிளக் இருந்தது. ஊரில் இருக்கும் வேறொருவனைக் கூப்பிட்டுப் போடச் சொல்லியிருக்கிறாள். மழை படாமல் இருக்க அதற்குத் தகர மூடியும் போட்டிருந்தாள்.

ஐப்பசி மழையில் அவள் போய்விட்டாள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்துவிட்டு, நெஞ்சு வலிக்கிறது என்று சுவரில் சாய்ந்தவள்தான். நீ வந்தாய், காரியம் முடித்துத் திரும்பினாய். அவள் போனை நான் அணைத்து பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்தேன். அதற்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அணைத்து வைத்தால் அது அப்படியே இருக்கும் என்று நினைத்தேன். இது என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, நிஷா போன் செய்தபோது நடந்தது. புக்கிங் தாளில் இரண்டாவது நம்பராக என்னுடையதைக் கொடுத்திருந்தோம். "சார், அம்மா போன் சுவிட்ச் ஆஃப்னு வருது. அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "வெளிய போயிருக்காங்கம்மா" என்று வந்துவிட்டது. வண்டி இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டு வைத்தாள். அடுத்த மாதமும் அதே கேள்வி. அன்றைக்கு, "பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காங்க" என்றேன். மூன்றாவது முறை, தூங்குகிறாள் என்றேன். பொய் சொல்கிறோமே என்று உறுத்தியதுதான். ஆனால் அந்தப் பெண் ஒருத்திக்கு மட்டும் உன் அம்மா இன்னும் எங்கேயோ நடமாடிக்கொண்டிருந்தாள். வண்டி வரத் தாமதமாக ஆக, எனக்கு அது தாமதமாவதே நல்லது என்று தோன்ற ஆரம்பித்தது. வண்டி வந்துவிட்டால் ஆளைக் கேட்பார்களே.

சித்திரையில் ஒரு மத்தியானம் நிஷாவே பேசினாள். "அம்மா எங்கன்னு நீங்க தேட வேணாம் சார். அவங்க போன் இப்ப போகுது. நேத்தே பேசிட்டேன்" என்றாள்.

"யார் கிட்டம்மா பேசின?"

"அம்மா கிட்டதான் சார். எப்பம்மா வண்டி வரும்னு கேட்டாங்க. கலர் மாத்தணுமாம். வெள்ளை வேணாம், மஞ்சள் குடுங்கன்னாங்க. மாத்திட்டேன். அத உங்களுக்கும் சொல்லிடலாம்னுதான் கூப்பிட்டேன்."

நான் நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வெயில் அடிக்கிறது, ரோட்டில் மரவள்ளி லோடு ஏற்றிய டிராக்டர் போகிறது, எல்லாம் வழக்கம்போல்தான் இருந்தது. பீரோவைத் திறந்து பார்த்தேன். போன் வைத்த இடத்திலேயே இருந்தது. பொத்தானை அழுத்தினேன், உயிர் இல்லை. மஞ்சள் வண்டி விஷயம் எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தது. புக்கிங் எழுதும்போது நிஷா மேஜையில்தான் இருந்தாள், வண்டிப் பக்கம் வரவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொன்னதில்லை.

மூன்று நாள் அந்த நம்பரைக் கூப்பிடப் பயந்தேன். கம்பத்தின் உச்சியில் உயிருள்ள கம்பிக்கு ஒரு சாண் தள்ளி வேலை செய்த எனக்கு, ஒரு பொத்தானை அழுத்தத் துணிச்சல் வரவில்லை. நாலாம் நாள் சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில், ஜனங்கள் நடுவே இருந்தால் தைரியமாக இருக்கும் என்று, கூப்பிட்டேன். மணி அடித்தது. அணைத்து வைத்த போனுக்கு மணி அடிக்காது, பிரபு. அது எனக்குத் தெரியும். யாரும் எடுக்கும் முன்பே வைத்துவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டேன். இரண்டு நிமிடம் இருக்கும். பையில் அது அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், வசந்தா என்று பேர், அதற்கு மேலே நீ எடுத்த போட்டோ, ஊதா புடவையில் அவள் சிரிக்கிறாள். என் பெண்டாட்டி என்னைக் கூப்பிடுகிறாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர், "இன்னாங்க, போன் அடிக்குது, எடுங்க" என்றார். எடுத்தேன்.

"ஆங், சொல்லுங்க. கூப்ட்டீங்களே" என்று ஒரு பெண் குரல்.

உன் அம்மாவும் போனை எடுத்ததும் ஆங் என்றுதான் சொல்லுவாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்தக் குரல் மறுபடி, "யாருங்க? மேஸ்திரிங்களா?" என்றது. அப்போதுதான் அது வேறு குரல் என்று காதில் ஏறியது. வயது கம்மி, மலைப்பக்கத்துப் பேச்சு. "நீ யாரும்மா? இந்த நம்பர் உன்னுதா?" என்றேன். "என்னுதுதாங்க. பங்குனியில கச்சிராயபாளையம் சந்தைக்கு வந்தப்ப வாங்கினேன். எம்பேரு அலமேலு, கரியாலூருக்கு மேல எங்க ஊரு" என்றாள். போன் கடைக்காரரிடம் விசாரித்தேன். மாதக் கணக்கில் பணம் கட்டாமல் கிடக்கும் நம்பரை எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். நான் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தது வெறும் பிளாஸ்டிக்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மஞ்சள் வண்டி என்று அவள் எப்படிச் சொன்னாள் என்று கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது போலிருந்தது. மறுபடி அவளைக் கூப்பிட்டு, அது என் பெண்டாட்டியின் பழைய நம்பர், நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெள்ளிமலை பஸ் ஏறிப் போனேன். வயர்மேன் வேலையில் சேர்ந்த புதிதில் அந்த மலையில்தான் லைன் இழுத்தேன். கோமுகி அணை தாண்டி ரோடு ஏறத் தொடங்கினால் எனக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும். அலமேலு பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தாள். முப்பது வயது இருக்கும். ஒல்லியான பெண். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போய்க் கட்டில் போட்டாள். பக்கத்து வீட்டில் அவள் அண்ணன் சடையன். அவரும் வந்து நின்றார்.

"ராங் நம்பர்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னா வெச்சுடுவாங்களேங்க. அந்தப் பொண்ணு எடுத்ததும், எப்படி இருக்கீங்கம்மான்னு கேட்டுச்சு. நல்லாக்கீறேன்னேன். வசந்தாம்மாதானேன்னு கேட்டுச்சு. ஆங்னுட்டேன். அப்பறம் வண்டி, பேட்டரின்னு இன்னா இன்னாவோ சொல்லிச்சு. வெள்ளையே போதுமான்னு கேட்டு ரெண்டு மூணு கலர் சொல்லிச்சு. மஞ்சள்னு வாயில வந்துடுச்சு. ஏன்னு தெரிலீங்க. தப்புதாங்க."

வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன். கோவிந்தன் என்று பேர். தைப் பொங்கல் முடிந்ததும் ஒரு மேஸ்திரியோடு குடகுப் பக்கம் மிளகுத் தோட்ட வேலைக்குப் போனவர். அவரிடம் போன் இல்லை. அவர் பேச வேண்டும் என்பதற்காகத்தான் இவள் சந்தையில் போனும் சிம்மும் வாங்கி, நம்பரை மேஸ்திரியின் வீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதோடு மேஸ்திரியும் அந்த வீட்டை விட்டுப் போய்விட்டான், எங்கே என்று தெரியவில்லை. ஆளைக் காணோம் என்று போலீஸ் டேசனில் எழுதிக் கொடுக்கலாம் என்று சடையன் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். "இவதாங்க வேணாங்கறா" என்றார் என்னிடம். "அவரு போன் பண்றாராம்."

"பண்றாருண்ணே. வெள்ளிக்கெழம ஆனா பண்றாரு" என்றாள் அலமேலு. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். அவள் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன்.

"மொதல் தடவ நான் அலோ அலோன்னு கத்தினேங்க. பேசல. ஆனா வெக்கவும் இல்ல, மூச்சு உடற சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சு. ராங் நம்பர்னா வெச்சுடுவாங்கல்ல? அப்பறம் லேசா அழுவற சத்தம். எனக்குத் தெரிஞ்சிபோச்சு. நீதானேன்னு கேட்டேன். அழுக ஜாஸ்தியாயிடுச்சு. அழாத, நான் நல்லாத்தான் கீறேன், நீ சாப்ட்டியான்னு கேட்டேன். அதுக்கும் அழுக. அங்க இன்னா கஷ்டமோ, பக்கத்துல யாரு நிக்கறாங்களோ, வாயத் தொறந்து பேச முடியல போல. அதனால நானே பேசுவேங்க. மழ பேஞ்சத, கெழங்கு வெலய, பொண்ணுங்க படிக்கறத. வெக்கறவரிக்கும் கேட்டுக்கினே இருப்பாரு."

"நம்பர் காட்டும்மா" என்றேன். காட்டினாள். அவளுக்கு அது நீளமான நம்பர், அவ்வளவுதான். தூர தேசத்தில் இருந்து வந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். நான் கடைசி நாலு எண்ணைப் பார்த்தேன். என் போனை எடுத்துச் சரிபார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. உங்களுக்கு அங்கே வெள்ளிக்கிழமைதானே லீவு.

உன் பக்கம் இருந்து அதை நினைத்துப் பார்த்தேன். அம்மா போய் அஞ்சு மாதம். யாரும் எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தே அவள் நம்பரை அழுத்திப் பார்க்கிறாய். ஒருநாள் மணி அடிக்கிறது. சரியாகக் கேட்காத லைனில் ஒரு பெண் எடுக்கிறாள். நீதானே என்கிறாள். அழாதே என்கிறாள். நான் நல்லாத்தான் இருக்கிறேன், நீ சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். யார் என்று நீ ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் அவள் வேறு யாரோ ஆகிவிடுவாள். நானும் நிஷாவிடம் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

ஆனால் அன்றைக்கு நான் செய்ததைச் சொல்லுகிறேன். அலமேலுவிடம் உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சடையனும் பார்த்துக்கொண்டிருந்தார். நான், "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்று எழுந்துவிட்டேன். இது மூன்றாவது தப்பு, மற்ற இரண்டையும்விடப் பெரியது. நான் சும்மா இருந்த ஒவ்வொரு நாளும் ஒரு மனுஷனைத் தேடாமல் கழிந்த நாள். சித்திரையில் மலை ஏறியவன் ஆவணி வரை வாயைத் திறக்கவில்லை. சொன்னால் உன் பேர் இதில் அடிபடுமோ, அந்தப் பெண் உடைந்துபோவாளோ, எப்படியும் அவள் புருஷன் வந்துவிடுவானோ என்று ஏதேதோ சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ஒன்றே ஒன்று செய்தேன். அம்மாவின் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். புக்கிங்கை என் பேருக்கு மாற்றித் தரச் சொல்லி அதை மேஜை மேல் வைத்தேன். நிஷா படித்தாள். தேதியை இரண்டு முறை படித்தாள். "சார், போன வாரம்கூடப் பேசினேனே" என்றாள். கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்ன பிறகும் அவள் என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி வெள்ளைக்கே மாற்றட்டுமா என்று கேட்டாள். மஞ்சளே இருக்கட்டும் என்றேன்.

புக் செய்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி, ஆவணியில் வண்டி வந்தது. ஊர் யாரும் சிரிக்கவில்லை. நாலு நாள் ஓட்டிப் பழகினேன். அதற்குச் சத்தமே இல்லை, பிரபு. நின்றுகொண்டிருக்கிறதா, கிளம்பிவிட்டதா என்றே தெரியாது. பின்னால் ஆள் ஏறி உட்கார்ந்தாலும் தெரியாது போல. இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். அஞ்சாம் நாள் அதை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பினேன். இனியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அணை வரை பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. ஏற்றம் தொடங்கியதும் சார்ஜ் காட்டும் எண் மளமளவென்று இறங்கியது. பாதி மலையில் மூட்டம் மூடிக்கொண்டது. மற்ற வண்டி என்றால் இன்ஜின் சத்தமாவது துணைக்கு இருக்கும். இதில் தண்ணீர் சொட்டுவதும் என் மூச்சும்தான் கேட்டது. எதிரே மாடு ஓட்டி வந்த ஒரு பெரியவர் வண்டி பக்கத்தில் வரும்வரை கவனிக்கவில்லை. பார்த்ததும் மாட்டோடு ஓரமாக ஒதுங்கி, நான் போன பிறகும் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அலமேலு வீட்டை எட்டும்போது பேட்டரியில் பத்துக்கும் கீழே காட்டியது. வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லாமல் வந்து நின்றேன். எதற்கோ திரும்பியவள் வீறிட்டுக் கத்திவிட்டாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். எழுந்து வந்து ஒரு விரலால் அதன் மூக்கைத் தொட்டாள். "இதுவாங்க அது" என்றாள்.

திரும்பிப் போக வேண்டுமானால் நாலு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும். அவள் வீட்டுப் பிளக்கை டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எர்த் இல்லை. அதைச் சரி செய்து வண்டியை மாட்டினேன். டீ கொடுத்தாள், குடித்தேன். இனி எழுந்து ஓட வழியில்லை. இந்த முறை பஸ் வருகிறது என்று சொல்ல முடியாது.

"அலமேலு, வெள்ளிக்கிழமை போன் பண்றது உன் வூட்டுக்காரரு இல்லம்மா. எம் புள்ள. மஸ்கட்ல கீறான். அவங்கம்மா நம்பர்னு பண்றான்" என்றேன்.

அவள் சீவிக்கொண்டே இருந்தாள். கையில் இருந்த கிழங்கு முடிந்த பிறகுதான் கத்தி நின்றது. "இல்லீங்க" என்றாள். "சின்னதுக்குக் காது குத்தணும், நீ வந்துடுன்னு சொன்னப்ப அழுதாருங்க. அது எப்படிங்க உங்க புள்ள அழுவும்?"

என் போனில் உன் நம்பரை எடுத்து, அவள் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வாசலில் உட்கார்ந்து வண்டியில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது, இருபத்தொன்று. சடையன் வந்தார், அவரிடமும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு கதவு திறந்தது. முகம் கழுவியிருந்தாள். "அண்ணே, டேசனுக்குப் போலாம்" என்றாள்.

எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் மேஸ்திரி அகப்பட்டான். கோவிந்தன் மாசி மாதமே மிளகுக் கொடி ஏறிய மரத்தில் கிளை கழிக்கும்போது விழுந்திருக்கிறார். மேஸ்திரி அவரை அங்கே ஒரு ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு ஓடிவிட்டான். மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்து செத்துப் போயிருக்கிறார். பேர் தெரியாத ஆள் என்று புதைத்துவிட்டார்கள். அவர் இடுப்புக் கயிற்றில் ஒரு சாவி இருந்ததாம். சடையன் போய் அதை வாங்கி வந்தார். வீட்டில் இருந்த தகரப் பெட்டிக்கு அந்தச் சாவி பொருந்தியது.

மாசியில் அவர் போய்விட்டார். நீ முதல் முறை பேசியது பங்குனியில். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தனை வெள்ளிக்கிழமையும் அவள் ஒரு செத்துப்போனவரிடம் மழையையும் கிழங்கு விலையையும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நீ செத்துப்போன உன் அம்மாவிடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். நடுவில் உயிரோடு இருந்தது நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அது இரண்டு பேருக்கும் தெரியாது.

காரியத்துக்கு நானும் போயிருந்தேன். எல்லாரும் போன பிறகு அலமேலு என்னிடம் வந்தாள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையும் நீ போன் செய்தாயாம். எடுத்தாளாம். "நான் பேசலீங்க. உங்க புள்ளயும் பேசல. ரெண்டு பேரும் மூச்சு உட்டுக்கினே இருந்தோம். ரொம்ப நேரம்" என்றாள். பிறகு, "அவருக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டாள். இல்லை என்றேன். யோசித்தாள். "அப்ப சொல்லாதீங்க. பாவம். அவங்கம்மாவாவே நான் பேசிக்கினே இருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்லீங்க, எனக்கும் பழகிடுச்சு."

அந்த நிமிடம் எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது, பிரபு. அவளிடம் சரி என்றே சொல்ல இருந்தேன். உனக்கு ஒரு குரல், அவளுக்கு ஒரு காது. எனக்கும் கீழே உட்கார்ந்துகொண்டு, வசந்தா மலை மேல் இருக்கிறாள், வெள்ளிக்கிழமை பையனோடு பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்ளலாம். இதுவரை நடந்த எதுவும் என்னை இவ்வளவு பயமுறுத்தவில்லை. "வேணாம்மா, நான் சொல்லிடறேன்" என்றேன். அதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. உங்கள் வீட்டில் யார் பேசுவது, யார் கேட்பது என்று நான் யோசனை சொல்ல வரவில்லை. அதற்கான தகுதியை நான் வாய்க்கால் ஓரத்திலேயே விட்டுவிட்டேன். அவள் ஏதாவது ஒன்றின் முன்னால் நகராமல் நின்றால், கொஞ்ச நேரம் நீயும் பக்கத்தில் நில். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அம்மாவுக்காக அழ வேண்டும் என்றால் என்னிடம் அழு. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, ஆனால் கூட அழத் தெரியும். இந்த ஒரு வருஷத்தில் அதை மட்டும் கற்றுக்கொண்டேன்.

வரும் வெள்ளிக்கிழமை காலையில் நான் மலை மேல் அவள் வீட்டில் இருப்பேன். போன் அடித்தால் அவள்தான் எடுப்பாள், நான் வாங்க மாட்டேன். அவள் பேர் அலமேலு. முதலில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடு, அக்கா என்று சேர்த்துக் கூப்பிடு. பிறகு உன் பேரைச் சொல். அதற்குப் பிறகு, கோவிந்தன் இறந்துபோனதைத் துக்க வீட்டில் கேட்பது போல, எப்படி ஆயிற்று என்று கேள். அவள் சொல்ல நேரமாகும். அழுவாள். நீ வைத்துவிடாமல், இடையிடையே ஒரு வார்த்தையாவது பேசு.

அப்பா